நனைந்த புத்தகமும் நூலக அட்டையும்

கல்வி உதவி விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையாக, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிறிய சமுதாயக் கல்லூரிக்குப் போயிருந்தேன். முதல்வர் வரத் தாமதமாகும் என்று நூலகத்தில் உட்காரச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தேன். அன்று பார்த்ததும் நூலகர் அம்மா சொன்னதும் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் நம் வீடுகளுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

சமுதாயக் கல்லூரி என்றதும் ஏதோ ஒரு சாதி, மதத்தாரின் கல்லூரி என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். அப்படியில்லை. பத்தாவது, பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றவர்களுக்கு ஓராண்டு, ஈராண்டுத் தொழிற்படிப்பும் வேலைப் பயிற்சியும் தரும் கல்லூரி இது. அமெரிக்காவில் 1901-இல் ஜோலியட் என்ற ஊரில் தொடங்கிய முறை. இந்தியாவில் முதலாவதாக வந்தது நமக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி, 1995-இல். அடுத்த ஆண்டே சென்னையில் கத்தோலிக்க மறைமாவட்டம் ஒன்றைத் தொடங்கியது. பிறகு பல ஊர்களுக்கும் பரவிவிட்டது.

நான் உட்கார்ந்திருந்த நூலகம் ஓர் அறைதான். சுவரோரம் ஆறு இரும்பு அலமாரி, நடுவில் இரண்டு நீள மேசை, கதவருகே நூலகரின் மேசை. அவரே மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் கட்டண ரசீதும் போடுகிறார். காலையில் பையன்கள் நாளிதழில் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள் மின்விசிறிக்குக் கீழே உள்ள இடத்தை விடுவதில்லை. மூன்றரை மணிக்குத்தான் கூட்டம். நான்கு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண் பிள்ளைகள் அந்த அரை மணியில் புத்தகம் எடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் நூலகர் அம்மா அலுவலக வேலைக்குப் போவதில்லை, "வேற யாரு வந்தாலும் நாலு மணிக்கு மேலதான்" என்று சொல்லிவிட்டாராம்.

அந்த அரை மணியில் வேண்டிய புத்தகத்தைத் தேடிப் பிடிக்க முதுகில் ஒட்டியிருக்கும் எண் தெரிந்திருக்க வேண்டும். இங்கே டூயி என்பவர் வகுத்த பத்துப் பிரிவு முறைப்படி அடுக்கியிருக்கிறார்கள். மருத்துவம், செவிலியர் படிப்பு 610-இல். தையல் 646. சமையல் 641. கணினி 004 முதல் 006 வரை. இஸ்லாம் 297. நம் பிள்ளைகள் பலர் சீறாப்புராணத்தை 297-இல் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்புகிறார்களாம். அது தமிழ்ச் செய்யுள் என்பதால் 894.811-இல், மற்ற தமிழ்க் காப்பியங்களின் வரிசையில் இருக்கும். சீதக்காதி வள்ளலுக்குப் பிறகு உமறுப்புலவரை ஆதரித்து அந்தக் காப்பியத்துக்குத் துணை நின்றவர் நம் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். அதை நம் ஊர்ப் பிள்ளைக்கு வேறு அலமாரியில் தேடத் தெரியவில்லை என்பது வருத்தம்தான்.

எண் தெரியாவிட்டால் நூலகரைக் கேட்கலாம். கேட்கக் கூச்சப்படுகிறார்கள். படிப்பவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாகவே எழுதி வைத்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். இந்திய நூலகத் துறையின் தந்தை என்று உலகம் சொல்லும் அவர் பிறந்தது சிதம்பரத்துக்கு அடுத்த சீர்காழியில், 1892-இல். கணித ஆசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆள் வராத நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது பொறுக்காமல், பழைய வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்று கேட்டிருக்கிறார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வாருங்கள், அப்போதும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். திரும்பி வந்தவர் பிறகு அந்தத் துறையை விடவில்லை. அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்த 1931-ஆம் ஆண்டில்தான் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகம் கொண்டுபோகும் நூலகமும் தொடங்கியது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்ததை நாம் மறந்திருக்க முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே, 2015-இல் பெருவெள்ளம், அப்புறம் இது. அந்த வெள்ளத்தில் ஆற்றோரத் தெரு ஒன்றில் ஒரு வீட்டுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். செவிலியர் உதவியாளர் படிப்பில் இருந்த அந்த வீட்டுப் பெண், நூலகத்தில் எடுத்த தடித்த பாடப்புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தால் புத்தகம் ஊறிக் கிடக்கிறது. நன்னி அதை மொட்டை மாடியில் வெயிலில் போட்டார். அட்டை அப்பளம் போல வளைந்தது. படம் போட்ட வழவழப்பான பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டையாகிவிட்டன.

அபராதம் எவ்வளவு கேட்பார்களோ என்ற பயத்தில் அந்தப் பெண் வீட்டிலும் சொல்லவில்லை, கல்லூரியிலும் சொல்லவில்லை. நூலகத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டார். படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்கப் போன அன்றுதான் பிரச்சினை வெளியே வந்தது. எந்தக் கல்லூரியிலும் சான்றிதழுக்கு முன் 'நோ டியூஸ்' என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். நூலகமும் அதில் ஓர் இடம். புத்தகம் வரவில்லை, கையெழுத்து இல்லை, சான்றிதழும் இல்லை. அவருடைய அத்தா இரண்டு வாரம் தேடி அதே புத்தகத்தைச் சென்னையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தார். அதற்குள் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேரச் சொல்லியிருந்த தேதி போய்விட்டது.

நூலகர் அம்மாவிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "முதல் வாரத்துல சொல்லியிருந்தா எழுதி வாங்கிக்கிட்டு நீக்கியிருப்போம் சார். எங்க அடித்தட்டுப் புத்தகமே நாப்பது நனைஞ்சு போச்சு. அதோட அதையும் சேர்த்திருப்போம்" என்றார். நூலகத்தில் வாங்கும் ஒவ்வொரு புத்தகமும் ஒரு பதிவேட்டில் வரிசை எண் போட்டு ஏறுகிறது. ஏறியது தானாக இறங்காது. வெள்ளம், கரையான், திருட்டு என்று காரணம் எழுதி, நூலகக் குழு கூடி ஒப்புதல் கொடுத்தால்தான் அந்த எண்ணை அடிக்க முடியும். வெள்ளம் வந்த வாரத்தில் எழுதினால் காரணத்துக்குத் தனிச் சாட்சி வேண்டாம், ஊரே சாட்சி. எட்டு மாதம் கழித்துச் சொன்னால் குழுவில் இருப்பவர்கள் எதை வைத்து ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே புத்தகம் நனைந்தாலோ தொலைந்தாலோ அந்த வாரமே தேதி போட்டு ஒரு கடிதம் கொடுத்து, அதன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். அபராதம் வந்தாலும் பெரும்பாலும் அது புத்தக விலையோ, அதே புத்தகத்தின் வேறு பிரதியோதான். நாம் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. அதைவிட, பிள்ளை வீட்டில் சொல்லப் பயப்படாமல் இருக்க வேண்டும். அந்த அத்தாவுக்கு முன்பே தெரிந்திருந்தால் டிசம்பரிலேயே வாங்கிக் கொடுத்திருப்பார்.

நனைந்த புத்தகத்தை எப்படிக் காய வைப்பது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. நம் மாவட்டத்தில் இது அடிக்கடி தேவைப்படும். முதலில், வெயிலில் போடக் கூடாது. வேகமாகக் காய்ந்தால் தாள் சுருண்டு அட்டை வளையும். சேறு படிந்திருந்தால் புத்தகத்தை இறுக மூடிப் பிடித்தபடியே நல்ல தண்ணீரில் அலசலாம். ஊறிய பக்கங்களைப் பிரிக்கப் பார்த்தால் கிழிந்துவிடும். பதினைந்து, இருபது பக்கத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் வைத்து, நனைந்ததும் மாற்ற வேண்டும். செய்தித்தாளில் உள்ள மை ஒட்டும் என்பதால் வெறும் தாள் நல்லது. ஓரளவு ஈரம் போனதும் விசிறி போல லேசாக விரித்து, மின்விசிறிக் காற்றில் நிமிர்த்தி நிறுத்தலாம். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும், அதற்குள் இதைச் செய்ய வேண்டும். வழவழப்பான தாளில் அச்சான பாடப்புத்தகம் ஈரத்தோடு மூடிக் காய்ந்தால் ஒட்டியது ஒட்டியதுதான். மின்சாரம் இருந்தால் அப்படிப்பட்டதைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, வீடு ஒழுங்கானதும் எடுத்துப் பக்கம் பக்கமாகக் காய வைக்கலாம். கறி வைக்கும் இடத்தில் புத்தகமா என்று வீட்டில் கேட்பார்கள். பெரிய நூலகங்களிலும் வெள்ளம் வந்தால் இதையே செய்கிறார்கள்.

கல்லூரி நூலகத்தில் ஒரு பாடத்துக்கு இரண்டு பிரதி, முப்பது பிள்ளைகள் என்றால் எல்லோருக்கும் கிடைக்காது. நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வசூலிப்பது அது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. கடலூரில் மாவட்ட மைய நூலகமும், ஊர்களில் கிளை நூலகங்களும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. வரியைக் கட்டிவிட்டு உறுப்பினர் அட்டை வாங்காமல் இருப்பது, குடிநீர் வரி கட்டிவிட்டுக் குழாயைத் திறக்காமல் இருப்பதைப் போன்றது. சிறிய காப்புத் தொகைதான் கேட்பார்கள். ஒன்று நினைவிருக்கட்டும், கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடித்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பினால் பூட்டுதான் இருக்கும்.

காப்புத் தொகை என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாகூத் அல்-ஹமவி என்ற அறிஞர், இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வ் நகரில் தங்கியிருந்தார். அங்கே வக்ஃபாக விடப்பட்ட பத்து நூலகங்கள் இருந்தன. ஒரே நேரத்தில் சுமார் 200 நூல்கள் தன் வீட்டில் இருக்கும் என்றும், பெரும்பாலானவற்றுக்கு ஈடே கேட்கவில்லை என்றும் அவர் எழுதியிருக்கிறார். 1221-இல் மங்கோலியர் படையெடுப்பில் அந்த நகரம் அழிந்தது.

நூலகத்துக்குப் புத்தகம் கொடுக்க நினைக்கும் நம்மவர்கள் பலர் உண்டு. நூலகர் அம்மா ஒரு மூலையைக் காட்டினார். பத்தாண்டுக்கு முந்தைய கணினிப் புத்தகங்கள், மாறிப்போன பாடத்திட்டத்து நோட்ஸ், வருமான வரிக் கையேடுகள் என மூன்று சாக்கு இருக்கும். கொடுத்தவர் மனம் நோகுமே என்று வாங்கி வைத்திருக்கிறார். "என்ன வேணும்னு முதல்ல கேட்டுட்டுக் கொடுத்தா போதும்" என்றார். அவர் வேண்டியதாகச் சொன்னது செவிலியர் உதவியாளர் பாடப்புத்தகத்தில் நான்கு பிரதி, ஆங்கிலம்–தமிழ் அகராதி இரண்டு, தையல் படிப்புக்கு அளவுப் படங்களோடு ஒரு நூல். ரங்கநாதன் தன் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயை, மனைவி சாரதாவின் பெயரில் நூலகத் துறைப் பேராசிரியர் பதவிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். அவரவர் வசதிக்கு ஏற்பச் செய்யலாம். பட்டியல் நம் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கிறது. கொடுக்க விரும்புகிறவர்கள் அதைப் பார்த்து வாங்கினால், இன்ஷா அல்லாஹ், மழைக்கு முன் சேர்த்துவிடலாம்.

கிளம்பும்போது ஒன்றைக் கவனித்தேன். ஆறு அலமாரியிலும் அடித்தட்டு காலியாக இருந்தது. இடம் இல்லாமல் மேல்தட்டுகளில் புத்தகத்தைப் படுக்க வைத்து அடுக்கியிருந்தார்கள். அடித்தட்டில் ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். "தை பிறந்துதான் சார் அதுல வைப்போம்" என்றார்.