கணனியில் படம் கீறும் பிள்ளைகள்

பிள்ளை கணனிக்கு முன்னால் இருந்தால், விளையாடிக்கொண்டிருக்கிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கையில் பேனை போன்ற ஒன்றைப் பிடித்து, கறுப்புத் தட்டொன்றின் மேல் கோடு இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு நிமிடம் நின்று திரையைப் பாருங்கள். அங்கே ஒரு முகம் உருவாகிக்கொண்டிருக்கும். ஊரில் நாங்கள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கீறினோமே, அதே வேலைதான் இது. தாள்தான் மாறியிருக்கிறது.

புதிதாக வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். வகுப்பில் மொழி விளங்காமல் வாய் மூடி இருக்கும் பிள்ளை, தான் கீறிய உருவமொன்றைக் காட்டினால் பக்கத்து மேசைப் பிள்ளை கிட்ட வந்து பார்க்கும். அதற்கு இலக்கணம் வேண்டியதில்லை. ஆனாலும் எவ்வளவு செலவு, எதை வாங்குவது, இதனால் என்ன பயன் என்ற கேள்விகள் பெற்றோருக்கு வருவது நியாயம். அவற்றுக்குத்தான் இந்தக் கட்டுரை.

தட்டும் பேனையும்

படம் கீறும் தட்டுகளை 'ரப்லெற்' என்கிறார்கள். இரண்டு வகை உண்டு. ஒன்று திரை இல்லாத வெறும் தட்டு. கை மேசையில் கீறும், கண் கணனித் திரையைப் பார்க்கும். மற்றது தட்டே திரையாக இருப்பது. அதன் விலை பல மடங்கு. தொடக்கத்துக்கு முதலாவது வகை தாராளமாகப் போதும். வாக்கொம், ஹுயியன், எக்ஸ்.பி. பென் ஆகிய கம்பனிகளின் சிறிய தட்டுகளை 50 யூரோ அளவில் வாங்கலாம்.

1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கொம் கம்பனிதான் இந்தத் துறையில் பெயர் பெற்றது. அதன் பேனைக்குப் பற்றரி இல்லை. தட்டுக்குள் இருக்கும் மின்சுற்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பேனைக்குள் உள்ள சிறு கம்பிச்சுருள் அதிலிருந்தே மின்சக்தி பெற்று, தான் எங்கே நிற்கிறேன், எவ்வளவு அழுத்தப்படுகிறேன் என்று திரும்பச் சைகை அனுப்புகிறது. மெல்லத் தொட்டால் மெல்லிய கோடு, அழுத்தினால் தடித்த கோடு. மவுசினால் இது முடியாது. பெட்டியில் 8192 அழுத்தப் படிகள் என்று எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அதைவிடக் குறைந்த படிகள் உள்ள பழைய தட்டுகளிலேயே எத்தனையோ நல்ல படங்கள் கீறப்பட்டன.

பாவித்த தட்டு வாங்குவதென்றால் பேனையும் கூட இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கம்பனியின் பேனை பொதுவாக இன்னொரு கம்பனியின் தட்டில் வேலை செய்யாது. பேனை முனை தேயும் பொருள். மாற்று முனைகள் பெரும்பாலும் பெட்டியிலேயே வரும்.

முதல் நாட்களில் கோடு கோணலாகப் போகும். கை ஓரிடம், கண் ஓரிடம் என்பதால் எல்லோருக்கும் அப்படித்தான். தினம் பத்து நிமிடம் வட்டமும் நேர்கோடும் கீறினால் கை பழகிவிடும். வட்டம் கீறினால் முட்டை வடிவில் வருகிறதா? அது பிள்ளையின் பிழை அல்ல. தட்டின் நீள அகல விகிதம் திரையின் விகிதத்தோடு பொருந்தவில்லை. தட்டோடு வரும் மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் அதைச் சரிசெய்யலாம். இடதுகைக்காரருக்கான மாற்றமும் அங்கேயே இருக்கும்.

காசு கொடுக்காமல் மென்பொருள்

எல்லோரும் சொல்லும் பெயர் போட்டோசொப். 1990இல் வந்த அந்த மென்பொருளை ஒரு தரம் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் காலம் 2013ஓடு மாறியது. புதிய பதிப்புகள் சந்தா முறைக்குப் போய்விட்டன. அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் உருவாகி 2011இல் வெளிவந்த புறோகிறியேற்றுக்குச் சந்தா இல்லை, ஒரு தரம் கொடுத்தால் போதும். ஆனால் அதற்கு அப்பிள் கம்பனியின் ஐபாட் வேண்டும்.

எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பொருத்தமானது கிரிற்றா. 1999இல் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் பல நாட்டவரும் சேர்ந்து வளர்த்து இலவசமாகத் தருகிறார்கள். சுவீடிஷ் மொழியில் கிரிற்றா என்றால் சோக்கட்டி. பெயருக்கு ஏற்றபடி இது படம் கீறுவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் சொந்த இணையத்தளத்தில் இலவசமாகவே எடுக்கலாம். வேறு சில இணையக் கடைகளில் அதே மென்பொருளுக்குக் காசு கேட்கும். அது திட்டத்துக்கு உதவ விரும்புவோருக்கானது. எம் எழுத்தை அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் திரும்பும். நேராகப் பார்க்கும்போது தெரியாத பிழை, ஒரு கண் மேலே ஒரு கண் கீழே என்று, அப்போது பளிச்சென்று தெரியும்.

ஒன்றின் மேல் ஒன்று

இந்த மென்பொருள்களில் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது 'லேயர்'. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று நினையுங்கள். அடித்தாளில் மாதிரிக் கோடு, அதற்கு மேல் நிறம், அதற்கும் மேல் சுத்தமான கோடு. ஒன்றை அழித்தாலும் மற்றது கெடாது. இது கணனிக்காரரின் கண்டுபிடிப்பு அல்ல. ஏர்ல் ஹேர்ட் என்ற அமெரிக்கர் 1915இலேயே, அசையும் உருவத்தை ஒளிபுகும் தாளில் கீறிப் பின்னணியின் மேல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கார்ட்டூன் படங்கள் பல காலம் அந்த வழியில்தான் செய்யப்பட்டன.

ஒரு பாத்திரத்தை உண்டாக்குவது

முகம் கீறுவது ஒரு வேலை. பாத்திரம் உண்டாக்குவது இன்னொரு வேலை. முன்னால், பக்கத்தால், பின்னால் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும், சிரித்தாலும் அழுதாலும், அது அதே ஆளாக இருக்க வேண்டும். சிரித்திரன் சஞ்சிகையை நடத்திய சுந்தரின் சவாரித்தம்பரை நினைத்துப் பாருங்கள். பெயரைப் படிக்காமலே ஆளைத் தெரிந்துகொண்டோம். அதற்கு ஒரு சோதனை உண்டு. உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிவிட்டு, நிழலை மட்டும் பார்த்து ஆரென்று சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது.

அடுத்தது அளவு. வளர்ந்த மனிதரின் உயரத்தை ஏழரைத் தலை என்று ஓவியர்கள் கணக்கிடுவார்கள். கதாநாயகனுக்கு எட்டுத் தலை. ஜப்பானியரின் குட்டி உருவங்களுக்கு இரண்டு, மூன்று தலைதான். இது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் சிற்பிகள் முகத்தின் நீளத்தைத் தாலம் என்ற அளவாக வைத்தார்கள். சிவன், திருமால் போன்ற பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாலம், பிள்ளையாருக்கு ஐந்து. பிள்ளையாரைக் கண்டதும் குழந்தையைக் கண்டதுபோல் இருப்பதற்கு அந்த ஐந்தும் ஒரு காரணம்.

நிறத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். கீறப் பழகும் பிள்ளைகள் பார்த்துக் கீறும் மாதிரிகள் பெரும்பாலும் வெளிறிய தோல்காரர். எங்கள் தோலைக் கீறும்போது நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் கரி பூசியதுபோல் ஆகிவிடும். சிவப்புச் சாயல் உள்ள ஆழ்ந்த மண்ணிறத்தை எடுத்தால் உயிர் வரும். நெற்றியிலும் மூக்கிலும் படும் வெளிச்சம் எங்கள் தோலில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

பெற்றோரின் பங்கு

'எனக்குக் கணனி தெரியாது, நான் என்ன செய்ய?' என்று கேட்கலாம். உங்களிடம்தான் பெரிய பொருள் இருக்கிறது. தொழில்முறை ஓவியர்கள் ஒரு பாத்திரத்தைக் கீற முன் அதன் உடை, பாத்திரம் பண்டம், இருக்கும் விதம் எல்லாவற்றுக்கும் மாதிரி தேடுவார்கள். இங்கே வளரும் பிள்ளை அம்மம்மாவைக் கீற விரும்பினால் எங்கே தேடும்? திருவலையில் எப்படி இருப்பது, சேலைக் கொய்யகம் எந்தப் பக்கம் விழும், கொட்டப்பெட்டியை இடுப்பில் எங்கே செருகுவது, இவற்றைச் சொல்ல உங்களைவிட்டால் ஆளில்லை. வேலை முடிந்து வந்த களைப்பில் கால் மணி நேரம் பக்கத்தில் இருந்து, "இல்லை மோனை, கை இப்படி இருக்கும்" என்று இருந்து காட்டினால் போதும். பிள்ளை கேள்வி கேட்கும். நீங்கள் தமிழில் மறுமொழி சொல்வீர்கள். ஊர்க்கதை அங்கே தானாக வரும்.

ஒரு வசனம் எழுதினால் படம் தரும் மென்பொருள்கள் 2022 முதல் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. இனி ஏன் கீறிப் பழக வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். அந்த மென்பொருள் ஒரு கிழவியின் படத்தைத் தரும். உங்கள் தாயை அதற்குத் தெரியாது. அவர் முகத்தின் ஒரு சுருக்கத்தை நினைத்து, கோடு இழுத்து, அழித்து, திரும்ப இழுக்கும் பிள்ளையோ அவரைத் தெரிந்துகொள்கிறது, கண்டிராவிட்டாலும் கூட. கருவி எவ்வளவு திறமானதாக இருந்தாலும் பழக வேண்டியது கைதான் என்பது தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்களுக்கு ஒருவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் பிள்ளை கீறியது ஏதும் இருந்தால் இந்தச் சஞ்சிகைக்கு அனுப்புங்கள். அச்சில் தெளிவாக வர, ஏ4 தாள் அளவில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், அதாவது அகலம் 2480, உயரம் 3508 பிக்ஸல் என்று தொடங்கும்போதே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். சிறிதாகக் கீறிப் பின்னர் பெருப்பித்தால் கோடு மங்கிப்போகும். பி.என்.ஜி. வகையாகச் சேமித்தால் தரம் குறையாது. படத்தின் கீழே, அது ஆருடைய முகம் என்று தமிழில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.