தாளத்தோடு ஒரு சண்டை

வீடியோ விளையாட்டு என்றாலே நம் வீடுகளில் பெற்றோர் முகம் சுளிப்பது வழக்கம். 'சுடுவதையும் அடிப்பதையும் தவிர அதில் என்ன இருக்கிறது?' என்ற அவர்கள் கேள்வியும் நியாயமானதே. ஆனால் சண்டையைச் சங்கீதத்தோடு சேர்த்த விளையாட்டு ஒன்று உண்டு. டோக்கியோவைச் சேர்ந்த டாங்கோ கேம்வொர்க்ஸ் உருவாக்கிய 'ஹை-ஃபை ரஷ்' அது. 2023 ஜனவரி 25 அன்று, அறிவிப்பு வெளியான அன்றே விற்பனைக்கும் வந்துவிட்டது.

கதை எளிது. ராக் இசைக் கலைஞனாகும் கனவோடு திரியும் இளைஞன் ஒருவன், செயற்கைக் கை பொருத்திக்கொள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போகிறான். பாட்டுக் கேட்கும் கருவி தவறுதலாக அவன் மார்பிலேயே பதிந்துவிடுகிறது. 'பழுதானவன்' என்று முத்திரை குத்தி, அவனைப் பிடிக்க இயந்திர மனிதர்களை ஏவுகிறார்கள். மரங்கள், மின்தூக்கிகள், எதிரிகளின் அடிகள் என அவனைச் சுற்றி எல்லாமே பாட்டின் தாளத்துக்கு அசைகின்றன.

இதன் பெரிய சிறப்பு பெருந்தன்மை. மற்ற தாள விளையாட்டுகளில் தாளம் தப்பினால் தோல்விதான். இங்கோ பொத்தானை எப்போது அழுத்தினாலும் அடி தாளத்தில்தான் விழும். சரியான நேரத்தில் அழுத்தினால் கூடுதல் பலன் கிடைக்கும். குரு தாளம் போட்டுக்கொண்டே இருக்க, சீடன் மெல்லப் பிடித்துக்கொள்வது போல, விளையாடுபவனும் தன்னையறியாமல் லயத்துக்குள் வந்துவிடுகிறான்.

குறைகளும் உண்டு. சில எதிரிகள் ஒரு தாளக்கட்டை முதலில் காட்டி, அதே வரிசையில் தாக்குவார்கள். அப்படியே தட்டித் தடுக்கவேண்டும். தனி ஆவர்த்தனத்தில் கேள்வி-பதில் போன்ற இந்த இடம் லயஞானம் உள்ளவர்களுக்கு விருந்து. மற்றவர்களுக்கோ, அதுவரை கைகொடுத்த விளையாட்டு திடீரென்று கையை விட்டதுபோல் இருக்கும். சண்டைகளுக்கு நடுவே மேடைக்கு மேடை தாவிச் செல்லும் பகுதிகள் சலிப்பூட்டுகின்றன. பாட்டுகளும் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைக்குள் அடங்கிவிடுகின்றன. மிஸ்ர சாபு பழகிய நம் பிள்ளைகளுக்கு இது சற்றே குறையாகப்படலாம்.

தரம் மட்டுமே ஒரு படைப்பைக் காப்பாற்றிவிடாது என்பதையும் இதன் வரலாறு சொல்கிறது. 2024 ஏப்ரலில் அசைவூட்டத்துக்காக பாஃப்டா விருது பெற்றது. அடுத்த மாதமே, அந்நிறுவனத்தை மூடப்போவதாக உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆகஸ்டில் தென் கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டு கைதூக்கிவிட்டது.

அமெரிக்காவில் இது 13 வயதுக்கு மேற்பட்டோருக்கென்று வகைப்படுத்தப்பட்டது. சண்டையிடும் எதிரிகளில் பெரும்பாலோர் இயந்திரங்களே. எனவே பெற்றோரே, தடை போடுமுன் ஒரு மாலைப்பொழுது பிள்ளையின் அருகே அமர்ந்து பாருங்கள். உங்கள் கை தானாகவே தொடையில் தாளம் போடத் தொடங்கினால், பிள்ளைக்கு அதில் என்ன கிடைக்கிறது என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள்.