சிஸ்லாக் படிநிலைச் சொற்களும் தமிழாக்கமும்

புனேயில் 1988இல் நிறுவப்பெற்ற சி-டாக் நிறுவனம், 1991இல் பரம் 8000 மீத்திறன் கணினியை உருவாக்கியதோடு, இந்திய மொழி எழுத்துகளைக் கணினியில் அமைக்கும் பணியையும் மேற்கொண்டது. எழுத்துச் சிக்கல் பெரிதும் தீர்ந்த நிலையில், கலைச்சொற் சிக்கல் எஞ்சியுள்ளது. வலையமைப்புக் கண்காணிப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

கணினிகளை இணைக்கும் சுவிட்சு, தன்னிடம் நிகழ்வனவற்றைச் செய்திகளாக்கி மையப் பதிவுக் கணினிக்கு அனுப்பும் முறை சிஸ்லாக் எனப்படும். 2009இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5424 என்னும் ஆவணம், செய்திகளின் கடுமையை 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுக்கிறது. எண் குறையக் கடுமை மிகும். சுவிட்சில் ஒரு படியைக் குறித்தால், அப்படியும் அதனினும் கடுமையான படிகளும் மட்டுமே மையத்தை அடையும்.

எனவே இவை ஒன்றையொன்று வரையறுக்கும் சொற்புலமாகும். 'அலர்ட்' 1ஆம் படி. 'வார்னிங்' 4ஆம் படி. பொதுவழக்கில் இரண்டும் 'எச்சரிக்கை'யே. கையேட்டிலும் அவ்வாறே பெயர்த்தால், 4ஐக் குறிக்க வேண்டியவர் 1ஐக் குறித்துவிடக்கூடும். அப்போது, சிஸ்கோ சுவிட்சுகளில் 3ஆம் படியாக அமையும் இணைப்பறுந்த செய்தியும் மையத்துக்கு வாராது. பதிவுகளை 180 நாள் பேணவேண்டுமெனச் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் பணித்தது; வாராத செய்தியைப் பேணுதல் இயலாது.

உடனே செயற்படுக என்பதே 'அலர்ட்' என்பதற்கு அவ்வாவணம் தரும் பொருள். ஆதலின் அதனை 'உடன்செயல்' எனவும், 'வார்னிங்' என்பதை மட்டும் 'எச்சரிக்கை' எனவும் பெயர்க்கலாம். கருவி ஒப்பிடுவது எண்ணையே. ஆகவே ஒவ்வொரு சொல்லுடனும் படியெண்ணைத் தருதல் இன்றியமையாதது.