குறட்டை என்று விட்டுவிடாதீர்கள்

போதை ஊசி, மாத்திரை என்றாலே ‘அளவுக்கு மீறிப் போட்டவன்தான் சாவான்’ என்று நினைத்துக்கொள்கிறோம். அது பாதிதான் சரி. போன மாதம் தாங்கிய அதே அளவு இந்த மாதம் ஆளைக் கொன்றுவிடும்.

ஹெராயின், மார்ஃபின், நம் ஊரில் வலி மாத்திரையாக வந்து போதைக்குப் புழங்கும் டேப்பென்டடால் எல்லாமே ஓபியாய்டு வகை. மூச்சை நடத்தும் மூளைத்தண்டை இவை மந்தமாக்கும். தினமும் எடுப்பவரின் உடம்பு அதற்குப் பழகிவிடும். சிறைக்கோ மறுவாழ்வு மையத்துக்கோ போய்ச் சில வாரம் நிறுத்தினால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடும். வெளியே வந்து, மனம் தடுமாறி, பழைய அளவையே எடுத்தால் உடம்புக்கு அது புது விஷம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றி 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் இரண்டு வாரத்தில் ஓவர்டோஸால் அவர்கள் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு. திரும்பி வந்த பிள்ளையிடம் சாமி படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்குகிறோம். வாங்குங்கள், ஆனால் பழைய அளவு இப்போது ஆளைக் கொல்லும் என்பதையும் சொல்லுங்கள். சொன்னால் தூண்டிவிட்டதாகிவிடாது. சாராயமோ தூக்க மாத்திரையோ கூடச் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். தனியாக இருந்து எடுத்தால் காப்பாற்ற ஆளும் இல்லை.

ஓவர்டோஸ் சத்தம் போட்டு வராது. தொண்டையில் கரகரவென்று குறட்டை, நடுநடுவே நின்றுபோகும் மூச்சு, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி. ‘அசந்து தூங்குறான், விடு’ என்று கூட இருப்பவர்கள் நகர்ந்துவிடுவது இந்த இடத்தில்தான். நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேயுங்கள். எழவில்லையா, 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சு குறைந்தாலோ நின்றாலோ தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து நொடிக்கு ஒரு தரம் ஊதுங்கள். மூச்சு சீராக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். போதை தெளிய எலுமிச்சைச் சாறு, மோர் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குப் போய்விடலாம்.

நலாக்சோன் என்று ஒரு மாற்று மருந்து இருக்கிறது, 1961இலேயே கண்டுபிடித்தது. மூளையில் ஓபியாய்டு ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். அமெரிக்காவில் 2023 முதல் மூக்கில் அடிக்கும் ஸ்பிரேயாக, டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் வாங்கலாம். இங்கே பெரும்பாலும் மருத்துவமனையோடு சரி. மறுவாழ்வு மையத்திலிருந்து அனுப்பும்போதே குடும்பத்தின் கையில் இதைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்பேன். ஆனால் இதன் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான். அதற்குப் பிறகும் போதை மருந்து உடம்பில் இருக்கலாம், மூச்சு மறுபடி அடங்கலாம். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். என்ன மாத்திரை, எப்போது எடுத்தார் என்பதை மானத்துக்குப் பயந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள்.