ஹார்ன்பி டப்லோ மாதிரி ரயில்: ஓட்டுவதா, காப்பதா?

லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1938-இல் வெளியிட்ட ஹார்ன்பி டப்லோவின் மின்சார ரயில், 16.5 மி.மீ. அகலப் பாதையின் நடுவே செல்லும் மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 12 வோல்ட் மின்சாரம் பெற்று ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஓட்டினால், மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டுகள் தேயும். அவற்றை மாற்றிவிடலாம், ஆனால் தகரப் பெட்டிகளின் மீது அச்சிடப்பட்ட வண்ணம் கீறப்பட்டால் அதனை மீட்க இயலாது. இவற்றினும் பெரிய கேடு ஓட்டத்தால் வருவதன்று: எஞ்சினின் துத்தநாகக் கலவை வார்ப்பில் ஈயம் சிறிதளவு கலந்திருந்தாலும், உலோகம் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு வீங்கி விரிசலுறுகிறது. 'துத்தநாக நோய்' எனப்படும் இதனை ஈரமும் வெப்பமும் விரைவுபடுத்துவதால், பெட்டியில் பூட்டிவைப்பது மட்டுமே பாதுகாப்பாகாது. ஆகவே, பழுதுறாத அசல் தொகுப்பை உலர்ந்த, சீரான தட்பவெப்பத்தில் நிறுத்திவைத்து, முன்பே பாகங்கள் மாற்றப்பட்ட எஞ்சினை ஓட்டிக்காட்டுவதே தகும்.