மின்கம்பி வெப்பமடைதல்

மின்னோட்டம் பாயும்போது கம்பி சூடாவது ஜூல் வெப்ப விளைவு எனப்படும். கம்பியினுள் நகரும் எதிர்மின்னிகள் அங்குள்ள அணுக்களோடு மோதி இழக்கும் ஆற்றலே வெப்பமாக வெளிப்படுகிறது. நொடிக்குத் தோன்றும் வெப்பம், மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிய அளவாகும். இதனை இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்சு ஜூல் 1840களின் தொடக்கத்தில் சோதனைகளால் நிறுவினார்.

பொதுவாகக் கம்பி முடிவின்றிச் சூடேறுவதில்லை. சூடு மிக மிகச் சூழலுக்கு இழக்கும் வெப்பமும் மிகுந்து, இரண்டும் சமமாகுமிடத்தில் வெப்பநிலை நிலைபெறும்.

கட்டுமீறிய வெப்பமேற்றம்

உலோகங்களின் மின்தடை வெப்பநிலையோடு கூடும். அறை வெப்பநிலையில் உள்ள செம்பில் இது பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு ஆகும். இதனால் கேடு விளையுமா என்பது, மாறாதிருப்பது மின்னழுத்தமா மின்னோட்டமா என்பதைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டைக் கவனியாதோர் எளிதில் குழம்புவர்.

குண்டு விளக்கின் டங்சுடன் இழைக்குக் கிடைப்பது மாறா மின்னழுத்தம். இழை சூடாகித் தடை கூடியதும் மின்னோட்டம் குறைவதால், அது தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது. மின்னோட்டம் மாறாதிருந்தாலோ, தடை கூடுந்தோறும் வெப்பம் கூடும். வெப்பத்தால் தடை மேலும் கூடும். குளிர்தல் ஈடுகொடுக்காவிடில் கம்பி உருகும். (குறைகடத்திகளில் சூடேறத் தடை குறையும், ஆகவே அங்கு மாறா மின்னழுத்தமே ஆபத்தானது.)

வீட்டில் தளர்ந்த மின் இணைப்பும் இவ்வகையினதே. 10 ஆம்பியர் எடுக்கும் வெந்நீர்க் கருவி இயங்கும்போது, மின்னோட்டத்தை அக்கருவியே தீர்மானிக்கிறது, இணைப்பிலுள்ள 0.2 ஓம் தடை அதனைப் பெரிதும் மாற்றுவதில்லை. ஆயினும் அச்சிறு புள்ளியில் 20 வாட் வெப்பம் தோன்றும். சூட்டால் செம்பின் மேற்பரப்பு ஆக்சைடாகித் தடை மேலும் கூடும். மின்னோட்டம் அளவு மீறாததால், உருகி இதனைத் தடுப்பதில்லை.

2008 ஆம் ஆண்டு விபத்து

செனீவா அருகிலுள்ள சேர்ன் ஆய்வகத்தின் பெரிய ஆட்ரான் மோதுவியில் 2008 செப்டம்பர் 19 அன்று நிகழ்ந்த விபத்து புகழ்பெற்றது. அங்கு 1.9 கெல்வின் வெப்பநிலையில் காந்தங்களை இணைக்கும் மீகடத்தித் தொடுப்பு ஒன்றில் சுமார் 200 நானோ ஓம் தடை இருந்தது. அதாவது ஓமின் 50 இலட்சத்தில் ஒரு பங்கு. ஆனால் மின்னோட்டமோ ஏறத்தாழ 8,700 ஆம்பியர். எனவே தோன்றிய வெப்பம் 15 வாட் அளவே. அதுவே அவ்விடத்தின் மீகடத்துதிறனை அழிக்கப் போதுமானதாயிற்று. தடை சட்டென உயர்ந்தது. காந்தச் சுருள்களின் தூண்டம் மின்னோட்டத்தை உடனே குறையவிடவில்லை. தொடுப்பு உருகி, மின்வில் தோன்றி, ஈலியக் கலம் துளைபட்டது. சுமார் 6 தொன் ஈலியம் வெளியேறியது. சுரங்கத்தில் எவரும் இல்லாததால் உயிரிழப்பு இல்லை. 53 காந்தங்களை அகற்ற வேண்டியதாயிற்று. மோதுவி 2009 நவம்பரிலேயே மீண்டும் இயங்கியது. 2013–2014 ஆம் ஆண்டுகளில் 10,000க்கும் மேற்பட்ட தொடுப்புகள், மாற்றுவழியாக மின்னோட்டத்தைத் தாங்கும் செப்புத் துண்டுகளால் வலுப்படுத்தப்பட்டன.