ஜன்னல் துடைக்கும் நீளக்கழியும் ஒரு திருப்புத்திறன் பாடமும்

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் நான் பணியாற்றியபோது நடந்தது. மறுநாள் ஆண்டாய்வு. எட்டாம் வகுப்பு அறையின் மேல் ஜன்னலில் ஒட்டடை தொங்கிக்கொண்டிருந்தது. "யாராவது ஏறித் தட்டிவிடுங்கப்பா" என்று சொன்னவன் நான்தான். மேசை மேல் பெஞ்சைப் போட்டு ஒரு மாணவன் ஏறினான். பெஞ்ச் வழுக்கியது. அவன் பூனைபோலத் தாவிக் குதித்துவிட்டான். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அறிவியல் ஆசிரியரான நான், ஈர்ப்பு மையத்தைப் பற்றிப் பாடம் நடத்திவிட்டு, ஒரு குழந்தையை ஆடும் பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன்.

அதன்பின் எந்த மாணவரையும் எதன் மேலும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தேன். ஆனால் ஜன்னல்கள் அழுக்காகத்தானே செய்கின்றன? இப்போது நான் பணியாற்றும் கெங்கவல்லிப் பகுதியில் கோடை வந்துவிட்டால் புழுதிக்குக் குறைவில்லை. கண்ணாடி மங்கினால் வகுப்பறைக்குள் வெளிச்சம் குறைகிறது; கடைசி வரிசைக் குழந்தை கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறது. எனவே, தரையில் நின்றபடியே உயரத்தைத் துடைக்க ஒரு கழி வேண்டும். அந்தக் கழியைத் தேடிப் போனதில் நானும் என் பத்தாம் வகுப்பு மாணவர்களும் கற்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பாக்குத் தோப்பிலிருந்து வந்த யோசனை

எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா, இரும்புக் குழாயின் நுனியில் துடைப்பத்தைக் கட்டித்தான் மாடி ஜன்னலைத் துடைத்துவந்தார். "ராத்திரிக்குத் தோள்பட்டையே கழண்டுபோற மாதிரி இருக்குது சார்" என்றார் ஒருநாள். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசினோம். பாக்குத் தோப்பில் வேலை பார்க்கும் பெற்றோர் ஒருவர், "ஏனுங்க சார், பாக்குக் குலை அறுக்கற கார்பன் கழி இருக்குதுங்களே, அது மாதிரி ஒண்ணு வாங்கிப்போடலாமுங்க" என்றார்.

நல்ல யோசனைதான். கர்நாடகத்தின் தென்கன்னட மாவட்டத்தில் மரம் ஏற ஆள் கிடைக்காத பாக்கு விவசாயிகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி நீளும் கார்பன் இழைக் கழிகளைப் பயன்படுத்துகிறார்கள். காம்ப்கோ என்ற பாக்கு விவசாயிகள் கூட்டுறவு அமைப்பு அதற்குப் பயிற்சி முகாம்களும் நடத்தியிருக்கிறது. உயரமான கட்டடங்களின் கண்ணாடியைத் துடைப்பவர்களிடமும் இதே வகைக் கழிதான் இருக்கிறது. நுனியில் மட்டும் அரிவாளுக்குப் பதில் தூரிகை.

கார்பன் இழை என்பது என்ன?

ஒன்பதாம் வகுப்பில் கார்பனின் புறவேற்றுமை வடிவங்களைக் கற்பிக்கிறோம். வைரம், கிராஃபைட் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கார்பன் இழையில், கிராஃபைட்டில் இருப்பது போன்ற கார்பன் அடுக்குகள் இழையின் நீளவாக்கில் அமைந்திருக்கின்றன. எடிசன் தன் மின்விளக்குக்குப் பருத்தி நூலையும் பிறகு மூங்கில் நாரையும் கரியாக்கி இழை செய்தது 1879, 1880 ஆண்டுகளில். இன்றைய வலுவான இழை 1950களின் இறுதியிலும் 1960களிலும் அமெரிக்கா, ஜப்பான், பிரிட்டன் ஆய்வுக்கூடங்களில் உருவானது. பெரும்பாலும் அக்ரிலிக் வகைச் செயற்கை நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி செல்சியஸில் காற்றில் சூடாக்கி, பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சூடாக்குகிறார்கள். கிடைக்கும் இழைகளை எப்பாக்சி பிசினில் தோய்த்துக் குழாயாக வார்க்கிறார்கள்.

இத்தகைய எடை குறைந்த கலப்புப் பொருள்களின் பயனை மாணவர்களுக்குச் சொல்ல, நம் அப்துல் கலாம் பல உரைகளில் பகிர்ந்த நிகழ்வைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. ஹைதராபாத் நிஜாம் மருத்துவ நிறுவனத்தில் குழந்தைகள் 3 கிலோவுக்கு மேல் எடையுள்ள உலோகக் காலணைகளுடன் நடப்பதைக் கண்டார். ஏவுகணைக்காக உருவாக்கிய இலகுப் பொருளைக் கொண்டு அவர் குழு 300 கிராம் எடையில் காலணைகளைச் செய்து கொடுத்தது.

எடையைக் கணக்கிட்டோம்

விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றேன். 4 மீட்டர் நீளம், 30 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 1.5 மில்லிமீட்டர் சுவர்த் தடிமன் உள்ள ஒரு குழாய். சராசரி விட்டம் 2.85 செமீ. அதை 3.14, 0.15, 400 ஆகியவற்றால் பெருக்கினால் பொருளின் கன அளவு ஏறத்தாழ 537 கன செமீ. இனி அடர்த்தியால் பெருக்க வேண்டியதுதான்.

எஃகு (7.8): 4.2 கிலோ.
அலுமினியம் (2.7): 1.45 கிலோ.
கண்ணாடி இழை (ஏறத்தாழ 2): 1.07 கிலோ.
கார்பன் இழை (ஏறத்தாழ 1.6): 0.86 கிலோ.

நீட்டிச் சுருக்கும் கழியில் இணைப்புகளும் பூட்டுகளும் சேர்வதால் உண்மை எடை இதைவிடக் கூடும். ஒப்பீடு மாறாது. அக்காவின் தோள்பட்டை ஏன் கழன்றது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

எடையை வெல்லும் கோணம்

அடுத்து வந்தது திருப்புத்திறன். கழியைத் தரையோடு 60 டிகிரி சாய்த்துப் பிடிப்பதாகக் கொள்வோம். கழியின் ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது கீழ்முனையிலிருந்து 2 மீட்டரில். 60 டிகிரியின் கொசைன் 0.5 என்பதால் அதன் கிடைத்தொலைவு 1 மீட்டர். நுனியின் கிடைத்தொலைவு 2 மீட்டர். நுனியில் 400 கிராம் ஈரத் தூரிகை இருந்தால்,

அலுமினியக் கழி: 1.45 × 1 + 0.4 × 2 = 2.25 கிலோ மீட்டர்.
கார்பன் கழி: 0.86 × 1 + 0.4 × 2 = 1.66 கிலோ மீட்டர்.

(இதை ஏறத்தாழ 10 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர்.) கார்பன் கழியில் சுமை கால் பங்குக்கு மேல் குறைகிறது. அப்போது ஒரு மாணவி கேட்டாள்: "சார், செவுத்துக்குக் கிட்டப் போய் நின்னா?" போட்டுப் பார்த்தோம். 75 டிகிரியின் கொசைன் 0.26. அலுமினியக் கழியின் திருப்புத்திறன் 2.25இலிருந்து 1.17 ஆகக் குறைந்தது. தள்ளி நின்று கார்பன் கழி பிடிப்பதைவிட, நெருங்கி நின்று அலுமினியக் கழி பிடிப்பது எளிது! காசு செலவில்லாமல் கிடைத்த விடை இது. தூரிகையின் எடையில் 200 கிராம் குறைப்பது, கழியின் எடையில் 400 கிராம் குறைப்பதற்குச் சமம் என்பதும் இதே கணக்கிலிருந்து வந்தது.

எந்தக் கழியைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் நீளம். தேவைக்கு மேல் நீளமான கழி வாங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. ஒரே குழாயின் நீளம் இரண்டு மடங்கானால், நுனியில் உள்ள அதே சுமைக்கு வளைவு எட்டு மடங்காகும். மேசை விளிம்பில் பிளாஸ்டிக் அளவுகோலை நீட்டி வைத்து இதைக் காட்டலாம். மாடி ஜன்னலின் மேல்விளிம்பு 6 மீட்டர் உயரம், கழியின் கீழ்முனை இடுப்பருகே 1 மீட்டர் உயரம், சாய்வு 75 டிகிரி என்றால் 5 மீட்டருக்குச் சற்றே கூடுதலான கழி போதும். சுவரிலிருந்து ஏறத்தாழ 1.3 மீட்டர் தள்ளி நிற்கலாம். தரைத்தள ஜன்னலுக்கு 2 மீட்டர் கழியே அதிகம்.

அடுத்து பொருள். ஒரே அளவுக் குழாயில் கண்ணாடி இழை அலுமினியத்தைவிட அதிகம் வளையும், நுனி ஆடும். நல்ல கார்பன் கழி விறைப்பாக நிற்கும். 'கார்பன்' என்று விற்கப்படும் எல்லாமே முழுக் கார்பன் அல்ல. கண்ணாடி இழை கலந்தவையும் உண்டு. கலப்பு விகிதத்தையும் முழு எடையையும் எழுத்தில் கேளுங்கள். வாங்கும் முன் கழியை முழுதாக நீட்டி, பயன்படுத்தப்போகிறவர் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். பூட்டுகளைத் தனியாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். முதலில் பழுதாவது அவைதான்.

தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள பள்ளிக்கு, மாதம் ஒருமுறை துடைக்க, அலுமினியக் கழியே போதும் என்பது என் கருத்து. இரண்டு, மூன்று மாடிகளும் அடிக்கடி துடைக்கும் தேவையும் இருந்தால் கார்பனுக்குச் செலவிடலாம். ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு.

கரண்டு கடத்துமா?

அந்தப் பெற்றோர் ஒரு பழைய பாக்குக் கழியை வகுப்புக்குக் கொண்டுவந்து காட்டினார். "இது இரும்பில்லை, அதனால கரண்டு பாயாது" என்றான் ஒரு மாணவன். வகுப்பில் பாதிப் பேர் ஆமோதித்தார்கள். சோதித்துவிடலாம் என்றேன். இரண்டு பேனா பேட்டரிகள், ஓர் எல்இடி, இரண்டு கம்பிகள். முதலில் இருபுறமும் சீவிய பென்சிலின் கரிமுனைகளில் வைத்தோம், விளக்கு எரிந்தது. அடுத்து கழியின் பளபளப்பான பக்கவாட்டில் வைத்தோம், எரியவில்லை. "பாத்தீங்களா சார்!" என்றான் அவன். பிறகு கழியின் ஒரு துண்டில், வார்னிஷ் இல்லாத இரு வெட்டுமுனைகளிலும் கம்பியை அழுத்தினோம். எல்இடி எரிந்தது. வகுப்பு அமைதியாகிவிட்டது.

மேலே இருந்த வார்னிஷ் பூச்சுதான் 3 வோல்ட்டைத் தடுத்தது. அது 11,000 வோல்ட்டைத் தடுக்காது. கார்பன் கழி மின்கம்பியைத் தொட்டால் உலோகக் கழியைப் போலவே உயிரைப் பறிக்கும். கண்ணாடி இழையும் காய்ந்த மூங்கிலும் நம் எல்இடியை எரிய வைக்காது. ஆனால் ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் அவற்றின் வழியாகவும் உயர் மின்னழுத்தம் பாயும். எனவே 'கரண்டு பாயாத கழி' என்று எதையும் நம்பி மின்கம்பியருகே நீட்டக் கூடாது. உயர் மின்னழுத்தக் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை; மிக நெருங்கினாலே காற்றின் வழியே பாயக்கூடும். அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு விதிகள் 50,000 வோல்ட் வரையிலான கம்பிகளுக்குக் குறைந்தது 10 அடி, அதாவது 3 மீட்டர் இடைவெளி கேட்கின்றன. கழியை முழுதாக நீட்டி, அது எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் இந்த இடைவெளி இருக்கும்படி நாம் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பராமரிப்பு

கழியின் முதல் எதிரி மணல். இணைப்புக்குள் புகுந்த மணல், ஒவ்வொரு முறை நீட்டிச் சுருக்கும்போதும் குழாயை அராவும். மாதம் ஒருமுறை பகுதிகளைக் கழற்றி, சோப்புநீரில் கழுவி, நிழலில் உலர்த்திச் சேர்க்கவும். இணைப்புகளில் எண்ணெய் போடக் கூடாது. பூட்டு நழுவிக் கழி சட்டென்று உள்ளே இறங்கி விரலை நசுக்கும். பூட்டை அளவுக்கு மீறி இறுக்கினால் குழாய் விரியும்.

எப்பாக்சி பிசினை வெயிலின் புறஊதாக் கதிர் சிதைக்கும். ஆகவே கழியை மொட்டைமாடியில் போட்டுவைக்காமல், அறைக்குள் படுக்கைவாக்கில் வைக்கவும். கீழே விழுந்த கழியை நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்றும், உள்ளே அடுக்கு பிரிந்த இடத்தில் மொத்தென்றும் ஒலிக்கும். விரிசல் விட்ட பகுதியை டேப் சுற்றிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடவும். கார்பன் சிலாம்பு கையில் ஏறினால் எடுப்பது கடினம். உறை அணிந்தே கையாள வேண்டும். மாணவர்கள் இருக்கும் இடத்தில் கழியை அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்தத் தூள் மூச்சுக்குக் கெடுதல்.

தண்ணீரும் முக்கியம். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் கடின நீர். துடைத்த கண்ணாடி காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விழும். நீர் ஆவியாகும்போது படியும் கால்சியம் கார்பனேட் அது. காயும் முன் ரப்பர் பட்டையால் இழுத்துவிட வேண்டும், அல்லது கடைசி அலசலுக்கு மட்டும் சுத்திகரித்த குடிநீரைப் பயன்படுத்தலாம். பழைய திட்டுகளுக்கு எலுமிச்சைச் சாறு போதும். அமிலம், கார்பனேட் வினையையும் அங்கேயே காட்டிவிடலாம்.

மூன்று ஜன்னல்கள்

எல்லாம் கணக்கிட்ட பிறகு, மாணவர்கள் பள்ளி வளாகத்தின் படத்தை வரைந்து, மின்கம்பிகள் செல்லும் இடங்களைக் குறித்தார்கள். பின்பக்க மாடி ஜன்னல்களில் மூன்று, கம்பிக்கு மிக அருகில் இருந்தன. அவற்றையும் அக்கா இத்தனை நாள் இரும்புக் குழாயால்தான் துடைத்துவந்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. படத்தைப் பார்த்த அக்கா ஒன்றும் பேசவில்லை. அந்தக் குழாயை அன்றே கொண்டுபோய்ப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்.

நாங்கள் அலுமினியக் கழியும் எடை குறைந்த தூரிகையும் வாங்கினோம். கழியில் சிவப்புப் பெயிண்டால் 'மின்கம்பி பார்' என்று மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். கம்பியை இடம் மாற்றக் கோரி மேலாண்மைக் குழுத் தீர்மானத்தோடு மின்வாரியத்துக்கு விண்ணப்பித்துள்ளோம். தாழ்ந்து தொங்கும் கம்பி உங்கள் பள்ளியில் இருந்தால், 'மின்னகம்' சேவை மையத்தின் 94987 94987 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

அதுவரை அந்த மூன்று ஜன்னல்களின் உட்புறத்தை மட்டும் துடைக்கிறோம். வெளிப்புறம் புழுதியோடுதான் இருக்கிறது. பார்வையிட வருகிறவர்கள் கேட்டால் காரணத்தைச் சொல்ல எங்கள் பத்தாம் வகுப்பு மாணவர்கள் தயாராக இருக்கிறார்கள்.